பாட்டியின் மௌனத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: சேலம் பொன்னம்மாப்பேட்டையில் இருக்கிறோம். சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் கைத்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார், நான் தார் சுற்றிக் கொடுக்கிறேன். மகனுக்கு 22 வயது. டிப்ளமோ முடித்து ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தான். ஆறு மாதத்துக்கு முன் முதலாளி உள்ளூர்ப் பையன்கள் மூன்று பேரை நிறுத்திவிட்டு, பீகார் ஆட்களைப் பட்டறையிலேயே தங்கவைத்துக்கொண்டார். நிறுத்தப்பட்டவர்களில் என் மகனும் ஒருவன். போன மாதம் கல்விக்கடன் விஷயமாக வங்கிக்குப் போனான். அங்கே இருந்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. 'இந்தி தெரியாதா?' என்று கேட்டு ஒரு மணி நேரம் நிற்கவைத்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே டீக்கடையில் அந்தப் பட்டறைப் பையன் ஒருவனை மறித்து, 'தமிழ்நாட்டில் இருந்தால் தமிழில் கேள்' என்று சட்டையைப் பிடித்திருக்கிறான். கூட இருந்தவன் அதைச் செல்போனில் எடுத்துப் பரப்பிவிட்டான். பலர் பாராட்டினார்கள். ஒருவன் மட்டும் 'நீயே பட்டுநூல்காரன், முதலில் நீ குஜராத்துக்குப் போ' என்று எழுதிவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் யாரும் சௌராஷ்டிரம் பேசக்கூடாது என்று மகன் கத்துகிறான். என் மாமியாருக்கு 76 வயது. முன்பு அதே பீகார் பையன் வாசலில் வந்து 'பானி' என்று கேட்டபோது செம்பில் தண்ணீர் கொடுத்தவர் அவர். எங்கள் மொழியிலும் தண்ணீர் பானிதான். இரண்டு வாரமாக அவர் யாரிடமும் பேசுவதில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. மகன் தமிழில் பேசச் சொன்னதில் என்ன தவறு? நாங்கள் வீட்டில் தமிழ் மட்டும் பேசினால் இது அடங்குமா? போலீஸ் வருமா? பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மாமியாரைப் பற்றிக் கேள்வியாக எதுவும் இல்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

76 வயதில் ஒருவர் பேச்சையும் சோற்றையும் ஒன்றாகக் குறைத்தால், அதைக் கோபம் என்றோ பிடிவாதம் என்றோ விட்டுவிடக் கூடாது. முதுமையில் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை, இப்படித்தான் வரும். அவருக்குத் தமிழ் தெரியும், உண்மை. ஆனால் கடையில் விலை கேட்கிற மொழி வேறு, விடியற்காலையில் எழுந்து தனக்குத்தானே முணுமுணுக்கிற மொழி வேறு. இரண்டாவதைப் பறித்துவிட்டு 'முதலாவது இருக்கிறதே' என்று சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உங்கள் மொழியில் பேசுங்கள், மகன் வீட்டில் இருக்கும்போதே பேசுங்கள். அவன் கத்தினால் கத்தட்டும். உங்கள் குரல் உயரவும் வேண்டாம், தாழவும் வேண்டாம். ஒரு வாரத்தில் சாப்பாடு தேறவில்லை என்றால் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்; அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன்பே யாரிடமாவது கேட்கவேண்டும் என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இனி உங்கள் மகன். நீங்கள் எழுதியதை நான் பின்னாலிருந்து படித்தேன். பாட்டியின் வாயை அடைத்தது பேரன். பேரனைக் குத்தியது முகம் தெரியாத ஒருவன் எழுதிய ஒரு வரி. அந்த வரி வரக் காரணம் டீக்கடையில் பிடித்த சட்டை. சட்டையைப் பிடித்த கை, அந்த வாரம் வங்கியில் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்ய முடியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற கை. அதற்கும் ஐந்து மாதம் முன்பு, வேலை இல்லை என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பட்டறையை விட்டு வந்த அதே கை. முதலாளியை அவனால் ஒன்றும் கேட்க முடியவில்லை. வங்கிக்காரரையும் கேட்க முடியவில்லை. டீக்கடையில் நின்ற பையனைக் கேட்க முடிந்தது. இப்போது பாட்டியைக் கேட்கிறான். ஒவ்வொரு முறையும் அவமானம் தன்னைவிடத் தாழ்ந்த இடத்தில் இருப்பவர் மேல் இறங்கியிருக்கிறது. இருபது ஆண்டுகளாக இந்த ஊர்க் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். ஆகவே வந்த வழியே திரும்பி ஏறவேண்டும். பாட்டியிடமிருந்து தொடங்கி, அந்தப் பையனிடம் போய், கடைசியில் வங்கி வரைக்கும்.

மகன் கேட்டதில் என்ன தவறு என்கிறீர்கள். கேட்டதில் பாதி சரி. சேலத்தில் வாழ வந்தவர் தமிழ் கற்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறே அல்ல. நானும் அப்படித்தான் எதிர்பார்க்கிறேன். வங்கியில் அவனுக்குத் தமிழில் பதில் கிடைக்கவில்லை என்றால் அது அவன் உரிமை மறுக்கப்பட்டது. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வங்கிக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. வங்கியில் இருந்தவர் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த ஊர் மக்களுக்கு வேலை செய்ய வந்தவர். மொழி தெரியாதது அவர் கடமையில் குறை. டீக்கடைப் பையன் யாருக்கும் சேவை செய்யக் கடமைப்பட்டவன் அல்ல. காசு கொடுத்து டீ கேட்டவன்.

தமிழுக்காகப் போராடிய வரலாறு இந்த எல்லைக்கோட்டை நன்றாக அறியும், அதுவும் சேலத்தில். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜிதான் 1938இல் சென்னை மாகாண முதல்வராகப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். மக்கள் எழுந்தார்கள், நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர்விட்டார்கள், 1940இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. எதிரே நின்றது கோட்டையிலிருந்து வந்த ஓர் ஆணை. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன் அல்ல. அதே ராஜாஜி பிற்காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்தார் என்பதையும் மகனிடம் சொல்லுங்கள். 1944 ஆகஸ்டில் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டப்பட்டதும் இதே சேலத்து மாநாட்டில்தான். அந்த மாநாட்டின் நடுநாயகமாக இருந்த பெரியார் வீட்டில் பேசியது கன்னடம். அந்த வீட்டு மொழி அவர் இங்கே தலைவராவதைத் தடுக்கவில்லை.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பீகாரிலிருந்து வருகிறவர்கள் எல்லோருடைய தாய்மொழியும் இந்தி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வீட்டில் பேசுவது போஜ்புரியாக இருக்கும், மகஹியாக இருக்கும், மைதிலியாக இருக்கும். மைதிலிக்கு அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்ததே 2003இல்தான். போஜ்புரிக்கு இன்னும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் போஜ்புரியும் மகஹியும் இந்தி என்ற தலைப்புக்குள்தான் எண்ணப்படுகின்றன. இந்தி விழுங்கிவிடும் என்று நாம் அஞ்சுகிறோமே, அது முதலில் விழுங்கியது அந்தப் பீகார் பையனுடைய அம்மாவின் மொழியைத்தான். டீக்கடையில் அவன் இந்தியில் கேட்டது அந்த மொழியின் மேல் கொண்ட பற்றினால் அல்ல. வெளியூரில் அவனிடம் இருந்த ஒரே சாமான் அது.

அவனுக்கு யார் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். தன்பாத்–ஆலப்புழை ரயிலில் வந்து இறங்குகிறான், அன்றைக்கே ஷெட்டுக்குள் போகிறான், பன்னிரண்டு மணி நேரம் தன் ஊர்க்காரர்களோடு வேலை செய்கிறான், அங்கேயே தூங்குகிறான். கேரளத்தில் 2017இல் பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். நண்பன் என்று அர்த்தம். எழுத்தறிவு இயக்கத்தார் தொழிலாளர்கள் இருக்கும் இடத்துக்கே போய் மலையாளம் கற்றுக்கொடுத்தார்கள். தமிழை உயிராக நினைக்கிற நாம் அதைவிடப் பெரிதாகச் செய்யவேண்டியவர்கள். கேட்பதற்கு முன்னால் கொடுத்திருக்கிறோமா? அவர்களைப் பார்த்ததும் அரைகுறை இந்தியில் 'இதர் ஆவோ' என்று கூப்பிடுகிற முதலாளிகளும் கடைக்காரர்களும்தான் அவர்களைத் தமிழ் கற்கவிடாமல் வைத்திருப்பவர்கள்.

மகனுக்கு உள்ளே ஆழமாகக் குத்தியிருப்பது அந்த ஒற்றை வரி. அது எப்படி வலிக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஏற்காட்டில் சில ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருந்தேன். சேர்வராயன் மலையின் பழங்குடியினருக்கு மலையாளிகள் என்று பெயர். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை. பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வாய்வழி வரலாறு. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கீழே சேலத்தில் கல்லூரிக்கு வந்தாள். சாதிச் சான்றிதழைப் பார்த்தவர்களெல்லாம் 'கேரளாவா? தமிழ் நன்றாகப் பேசுகிறாயே!' என்று கேட்டார்கள். பாராட்டாகத்தான் கேட்டார்கள். இரண்டாம் ஆண்டில் அவள் வகுப்பில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டாள். மலையிலேயே பிறந்தவளையும் 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வி அந்நியமாக்கிவிடும். உங்கள் மகன் டீக்கடையில் அந்தக் கேள்வியைக் கத்தி மாதிரி நீட்டினான். ஒரே நாளில் அது திரும்பி அவன் கழுத்துக்கே வந்துவிட்டது.

அதனால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் கூடாது என்பது. வீட்டில் சௌராஷ்டிரத்தை நிறுத்தினால் எதுவும் அடங்காது. அந்த வரியை எழுதியவன் சொன்னதை நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகும். உங்கள் மொழி குஜராத்தி, மராத்தியின் உறவுமொழிதான், ஆனால் அப்படியே அவை அல்ல. விஜயநகரம் வழியாக, மதுரை வழியாக வந்த பயணத்தில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டன. இன்றைக்கு அதைக் குஜராத்தில் போய்ப் பேசினால் பாதி விளங்காது. அந்த மொழிக்கு இனித் திரும்பிப்போக வேறு ஊர் கிடையாது, சகோதரி. மதுரையும் சேலமும் கும்பகோணமும்தான் அதன் ஊர். நீங்கள் தமிழ்நாட்டில் விருந்தாளிகள் அல்லர். டி.எம்.சௌந்தரராஜன் 1922இல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழை எப்படி உச்சரிக்கவேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு தலைமுறைக்கே காட்டிய குரல் அது. வீட்டு மொழி அவர் தமிழில் ஒரு எழுத்தையாவது மழுங்கச் செய்ததா? உங்கள் மகனுக்கு அந்தக் குரல் பிடிக்கும் என்றால் இதை அவனிடம் சொல்லிவிட்டு வேறெதுவும் பேசாமல் எழுந்து போய்விடுங்கள். இளவயதுப் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொன்னதும் நாம் அங்கே நிற்கக் கூடாது. அது வேலை செய்ய இடம் விடவேண்டும்.

வேலையைப் பற்றியும் நேராகப் பேசவேண்டும். அவன் வேலையை எடுத்துக்கொண்டது அந்தப் பையன் அல்ல. முதலாளி ஒரு கணக்குப் போட்டார். உள்ளூர்ப் பையன் ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு விடுப்புக் கேட்பான், எட்டு மணி நேரம் முடிந்ததும் வண்டியை எடுப்பான், கூலி குறைந்தால் சத்தம் போடுவான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்தவன் இந்த மூன்றையும் செய்யமாட்டான். ஒப்பந்தக்காரர் மூலம் வெளிமாநிலத்திலிருந்து வருகிறவருக்கு, அதே வேலை செய்கிற உள்ளூர்த் தொழிலாளிக்குத் தருவதைவிடக் கூலி குறையக் கூடாது என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். வந்தவரைக் காப்பதற்கு மட்டும் போட்டதாக அதை நினைக்காதீர்கள், உங்கள் மகனையும் காப்பதற்குத்தான். அங்கே அந்தப் பையனுக்கு முழுக் கூலியும், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலியும் கிடைத்திருந்தால் உங்கள் மகனை நிறுத்தியதில் முதலாளிக்கு என்ன லாபம்? இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்கவேண்டியவர்கள். இதை மகன் இன்றைக்கே ஏற்கமாட்டான். தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக்கொடுக்கலாம் என்ற வழி இருக்கிறது என்பதையாவது அவன் தெரிந்துகொள்ளட்டும்.

2016 செப்டம்பரை அவனுக்கு நினைவுபடுத்துங்கள். காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் நம் சேலத்து நிறுவனம் ஒன்றின் பஸ்கள் பணிமனையிலேயே வரிசையாக எரிந்தன. அங்கே அடி வாங்கிய தமிழ்ப் பையன் ஒருவனுடைய படத்தைப் பார்த்து இந்த ஊரே கொதித்தது. அவன் செய்த குற்றம், கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து முகநூலில் பதிவிட்டதுதான். நம் பிள்ளைகள் இப்போதும் அங்கே இருக்கிறார்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பியவர்களையும் நாம் பார்த்தோம். அன்றைக்குப் பரவியவை பொய். உங்கள் மகனுடைய வீடியோ பொய் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

போலீஸ் வருமா என்று கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் மொழி, பிறந்த இடம் ஆகியவற்றை வைத்துப் பகை மூட்டுவது இப்போதுள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் குற்றம் என்பதும், சட்டையைப் பிடிப்பது தனியாக ஒரு குற்றம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. வீடியோவை எடுத்த நண்பன் அதை உடனே எல்லா இடத்திலிருந்தும் இறக்கட்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச ஆலோசனை உண்டு. 15100க்கு அழைத்துக் கேளுங்கள். யாராவது வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டாம்.

வங்கி விவகாரத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் மகனுடைய கோபம் போய்ச் சேரவேண்டிய சரியான முகவரி அது. கிளையில் அறிவிப்புகளும் படிவங்களும் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி மூன்றிலும் இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அன்றைக்கு நடந்ததை, நாள், நேரம், நின்ற நேரம் எல்லாம் குறித்து, கிளை மேலாளருக்குத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். வசவு வேண்டாம். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கவேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் சரியில்லையென்றால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கிற ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழில் பேசலாம். மூன்று பேர் சட்டையைப் பிடிப்பதைவிட, அந்தத் தெருவில் முப்பது பேர் இப்படி எழுதினால் அந்த மேஜைக்குத் தமிழ் தெரிந்தவர் வந்துவிடுவார். தமிழுக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று துடிக்கிற பிள்ளைக்கு இதுதான் வேலை. அவன் எழுதட்டும், அப்பாவோ நீங்களோ எழுதிக்கொடுக்க வேண்டாம்.

கடைசியாகக் கடினமான ஒன்று. அவன் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். நீங்கள் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனால் அது இன்னொரு அவமானமாகி மறுபடி யார் மேலோ இறங்கும். ஆகவே முதலில் நீங்கள் மட்டும் போங்கள், உங்கள் கணவரோடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த ஷெட்டில் சமைத்துக்கொண்டிருப்பார்கள், அவசரம் இருக்காது. கையில் செல்போனை எடுக்காதீர்கள், யாரும் படம் பிடிக்கக் கூடாது. தமிழில் பேசுங்கள், மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாக. விளங்காத இடத்தில் உங்கள் வீட்டு மொழியின் சொல் ஒன்று அவனுக்குப் புரிந்தாலும் புரியும். தண்ணீர் விஷயத்தில் அப்படித்தானே நடந்தது. நீங்கள் போய்வந்ததை மகனிடம் மறைக்கவும் வேண்டாம், சொல்லிக் காட்டவும் வேண்டாம். அவன் கோபப்படுவான். இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பான். பிறகு அவனாகவே 'அவன் என்ன சொன்னான்?' என்று கேட்பான் என்று நம்புகிறேன். கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். 'நானும் வருகிறேன்' என்று அவன் சொல்லாவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அவனை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மாமியார் செம்பில் தண்ணீர் கொடுத்ததும், உங்கள் மகன் சட்டையைப் பிடித்ததும் ஒரே பையனை. அவன் பெயர் மட்டும் அதில் எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகும்போது கேட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை முதலில் உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், அவருடைய மொழியில்.